பர்மாவிலிருந்து நடந்தே வீடு திரும்பியவர்கள்



போன வாரம்தான் குடும்பத்தோடு கன்னியாகுமரி வரை போய்விட்டு வந்தோம். ஒரு வேன், 13 பேர், 6 நாள். திரும்பி வரும்போது ஆளாளுக்குப் புலம்பல்தான். கால் நீட்ட இடமில்லை, ஏ.சி. பத்தவில்லை, சாம்பார் சரியில்லை. பண்ருட்டி தாண்டும்போது நடுராத்திரி. "இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்று பத்தாவது முறையாகக் கேட்டேன்.

முன் சீட்டிலிருந்து தாத்தா திரும்பினார். "எங்க தாய்மாமன் பர்மாவுலேருந்து நடந்தே பட்டாம்பாக்கம் வந்தவருடா. வாசல்ல வந்து நின்னப்ப, பெத்த அம்மாவே அடையாளம் தெரியாம பிச்சைக்காரர்னு கஞ்சி ஊத்துச்சாம்" என்றார். அதற்கப்புறம் வேனில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் கொஞ்சம் அதிகம். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைக் கூலிகள், குமாஸ்தாக்கள், வட்டிக்கடைச் செட்டியார்கள் என்று எல்லாரும் இருந்தார்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூன் மீது குண்டு போட்டது. 1942 மார்ச் 8-ல் நகரமே விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் தரைவழியாகக் கிளம்பினார்கள். அரக்கான் மலையைக் கடந்து சிட்டகாங் பக்கம் ஒரு வழி. மாண்டலே, தமு, இம்பால் என்று இன்னொரு வழி. மழைக்காலம் தொடங்கிய பிறகு வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லேடோவுக்கு மூன்றாவது வழி. ரங்கூனிலிருந்து இம்பால் 1,000 கிலோமீட்டருக்கு மேல். ரயில், படகு கிடைத்த வரை போய், அதற்கப்புறம் குழந்தை குட்டிகளோடு நடைதான். காலரா, மலேரியா, பசி, மே மாதத்து மழைச் சேறு. கிளம்பியவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்கிறார்கள். வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது, மதிப்பீடுகள் பல பத்தாயிரங்களில் இருக்கின்றன.

இதிலும் நிறம் பார்த்தார்கள். வெள்ளையர்களுக்கு வசதியான பாதை, இந்தியர்களுக்குக் கஷ்டமான பாதை என்று பிரித்ததாகப் பெரிய புகார் எழுந்தது. அதே 1942-ல் அலகாபாத்தில் கூடிய காங்கிரஸ் கமிட்டி இதைக் கண்டித்தது.

நான் வணிகவியல் மாணவன். அதனால் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. 1938-ல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. பர்மியர்களின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் காட்டில் செத்தவர்களில் பெரும்பாலோர் கடன் கொடுத்தவர்கள் இல்லை. மூட்டை தூக்கியவர்கள்.

கதை 1942-ல் முடியவில்லை. போருக்குப் பிறகு பல பேர் மறுபடி பர்மா போனார்கள். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின, பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்களுக்காக உருவானதுதான்.

இவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். "சொந்த ஊருக்குப் போங்க" என்று அனுப்பப்பட்ட அந்தச் சொந்த ஊரை அவர்கள் பார்த்ததே இல்லை! இங்கே இருக்கப் பிடிக்காமல் சிலர் மணிப்பூர் வழியாகத் திரும்ப பர்மாவுக்கே போகப் பார்த்தார்கள். எல்லையில் விடவில்லை. அங்கேயே மோரே ஊரில் தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கமும், அங்காள பரமேஸ்வரி கோவிலும் கட்டினார்கள். 2023 மே மாத மணிப்பூர் கலவரத்தில் அந்த மோரேயிலும் வீடுகள் எரிந்தன.

வீடு திரும்புவது என்றால் ஒரே திசையில் போவது என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கு வீடு எந்தத் திசை?

மறுநாள் காலையில் தாத்தாவிடம், மாமா வழியில் பட்டதை எல்லாம் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். "கிளம்பும்போது நாலு பேராம்டா. அதுக்கு மேல சொல்ல மாட்டாரு, நாங்களும் கேக்க மாட்டோம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்திருக்கலாம். தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேனில் கால் நீட்ட இடமில்லை என்று நான் புலம்பப் போவதில்லை.