கர்னி தெருப் பள்ளம்

2013-ல் ஆன்சைட் வேலையாக நாலு மாதம் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடக்கிற பழக்கம். நிதி நிறுவனங்களின் உயரக் கட்டடங்கள் முடிந்து சைனாடவுன் ஆரம்பிக்கிற இடத்தில், கர்னி தெருவும் ஜாக்சன் தெருவும் சேரும் முனையில், முதியோர் குடியிருப்பு ஒன்று உண்டு. அதன் தரைத்தளத்தில் சின்னதாக ஒரு காட்சிக்கூடம். வெயிலுக்கு ஒதுங்கியவன் மாதிரிதான் உள்ளே போனேன். பழைய போட்டோக்கள், போஸ்டர்கள். எல்லாமே ஒரு வாடகைக் கட்டடத்தைப் பற்றியவை, அதுவும் இப்போது இல்லாத கட்டடம். அன்றிலிருந்து விட்டு விட்டு இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்டர்நேஷனல் ஹோட்டல் என்பது அதன் பெயர். ஐ-ஹோட்டல் என்று சுருக்கிச் சொல்வார்கள். பெயரைக் கேட்டு நட்சத்திர ஹோட்டலை நினைத்துவிடக் கூடாது. திருவல்லிக்கேணி மேன்ஷன் தெரியுமில்லையா, கிட்டத்தட்ட அதுதான். ஒரு ஆளுக்கு ஒரு சின்ன அறை, வரிசைக்குப் பொதுவாகக் கழிப்பறை, குறைந்த வாடகை. தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் வயதான பிலிப்பினோ ஆண்கள், கூடச் சில சீனர்கள். அந்த வயதான பிலிப்பினோக்களை 'மனோங்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இலோகானோ மொழியில் அண்ணன் என்று அர்த்தம்.

எழுபது வயதில் ஏன் மேன்ஷன் அறை? இவர்கள் 1920-களிலும் 30-களிலும் இளைஞர்களாகக் கூலி வேலைக்கு வந்தவர்கள். ஸ்டாக்டன் பக்கம் அஸ்பாரகஸ் அறுவடை, கோடையில் அலாஸ்கா மீன் டின் தொழிற்சாலைகள், சீசன் முடிந்தால் மறுபடி கர்னி தெரு. வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்யலாம் என்றால், 1933-ல் கலிஃபோர்னியா சட்டத்தைத் திருத்தி அதற்கும் தடை போட்டது. அந்தத் தடை நீதிமன்றத்தில் விழுந்தது 1948-ல். அதற்குள் இவர்களுக்கு வயசாகிவிட்டது. நல்ல பேட்டைகளில் வீடு கேட்டால் கிடைக்காது. ஆக, குடும்பம் இல்லை, நிலம் இல்லை, அறை மட்டும் உண்டு. அறைக்குக் கீழே முடிதிருத்தும் கடை, சாப்பாட்டுக் கடை, பூல் ஹால். சுமார் பத்து பிளாக் நீளத்துக்கு இருந்த இந்த வட்டாரத்துக்கு மணிலாடவுன் என்று பெயர்.

அறுபதுகளில் நிதி மாவட்டம் வடக்கே நகர்ந்து வந்தது. 1968-ல் உரிமையாளர் நிறுவனம் வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது. இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்டுவதாகத் திட்டம். 1969 மார்ச்சில் கட்டடத்தில் தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஆனால் அதே சமயம்தான் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியிலும் பெர்க்லியிலும் மாணவர் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அந்த ஆசியப் பையன்களும் பெண்களும் வந்து, எரிந்த அறைகளைச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, பெரியவர்களோடு உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்தார்கள். தாத்தா இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பேரன் இல்லாத தாத்தாக்களும் சந்தித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கலை இங்கேதான் உள்ளே வருகிறது. 1972-ல் ஜிம் டோங், லோரா ஜோ ஃபூ, மைக் சின் மூன்று பேரும் ஐ-ஹோட்டலின் தரைத்தளக் கடை ஒன்றில் 'கர்னி ஸ்ட்ரீட் வொர்க்ஷாப்' என்று ஒரு பட்டறை தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளலாம். முக்கியமான வேலை ஸ்கிரீன் பிரிண்டிங். நம்மூரில் கல்யாணப் பத்திரிகையும் பனியன் டிசைனும் அடிக்கிற அதே முறை. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மை போகக் கூடாத இடத்தை அடைத்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் அடியிலுள்ள காகிதத்தில் படம் விழும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். மூன்று நிறம் என்றால் ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று முறை, பிசகாமல் அதே இடத்தில் வைக்க வேண்டும். ஒருவர் இழுக்க, ஒருவர் காகிதத்தை மாற்ற, இன்னொருவர் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்க என்று ஆள் வேண்டும். அச்சகம் வேண்டாம், முதலீடு வேண்டாம். கோர்ட்டில் இன்று தீர்ப்பு வந்தால் நாளைக் காலை தெருவெல்லாம் போஸ்டர் நிற்கும். தனி ஆள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்கிற ஓவியத்துக்கு இந்த வேகமும் கிடையாது, இத்தனை கைகளும் தேவைப்படாது. நான்சி ஹோம், லேலண்ட் வாங் போன்ற நல்ல போஸ்டர் கலைஞர்கள் இந்தப் பட்டறையோடு வளர்ந்தவர்கள். வெளியிலிருந்து ரேச்சல் ரொமேரோவின் 'போஸ்டர் பிரிகேட்' குழுவினர், லினோலியத்தில் செதுக்கிய கருப்பு வெள்ளைப் போஸ்டர்களைப் பசை தடவி ஊர் முழுக்க ஒட்டினார்கள்.

இந்தப் போஸ்டர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு தொழில்முறைக் கிறுக்கு யோசனை வந்தது. நகரத்தின் சொத்துப் பதிவேடு ஒரு டேட்டாபேஸ் என்றால், அதில் உரிமையாளர் பெயர் ஒவ்வொரு கைமாற்றத்திலும் பதிவாகிறது. நூறு வருஷத்துச் சங்கிலியைத் தேடி எடுத்துவிடலாம். வாடகைக்காரருக்கு அந்த டேபிளில் இடமே இல்லை. முப்பது வருஷம் இருந்திருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அவர் அங்கே இருந்ததற்குத் தடயம் கிடையாது. எனக்குக் கொடுத்திருந்த ஃபிளாட்டின் தபால் பெட்டியில் முன்பு இருந்தவருக்கு வாரம் இரண்டு கடிதமாவது வரும். 'இங்கே இல்லை' என்று எழுதித் திருப்பிப் போடுவேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஐ-ஹோட்டல் போஸ்டர்களில் சுருங்கிய முகங்கள் அத்தனை பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பதிவேட்டில் இல்லாத வரிசைகளை அவர்கள் சுவரில் எழுதினார்கள்.

கட்டடம் 1973-ல் 'ஃபோர் சீஸ்' என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. வழக்குகள் இழுத்தன. மேயர் மோஸ்கோனி, நகர வீட்டுவசதி ஆணையம் கட்டடத்தை வாங்கிக் குடியிருப்போருக்கே விற்கலாம் என்று ஒரு வழி சொன்னார். அந்தக் கையகப்படுத்தலுக்கு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. (அந்த ஆணையத்துக்கு 1977-ல் தலைவராக இருந்தவர் ஜிம் ஜோன்ஸ். ஆமாம், மறு வருஷம் கயானாவில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகக் காரணமான அதே ஜோன்ஸ்தான்.) ஷெரிஃப் ரிச்சர்ட் ஹோங்கிஸ்டோ முதலில் வெளியேற்ற மாட்டேன் என்று மறுத்து, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கே போனார். போய் வந்த மனுஷன் 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில் சம்மட்டியோடு வந்து அறைக் கதவுகளை உடைத்தார். போட்டோ இருக்கிறது. வெளியே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைகோத்து நின்றார்கள். நூற்றுக்கணக்கான போலீஸ், சிலர் குதிரையில். விடிவதற்குள் மிச்சமிருந்த சுமார் ஐம்பது பெரியவர்களும் தெருவில். கர்டிஸ் சாய் எடுத்த 'தி ஃபால் ஆஃப் தி ஐ-ஹோட்டல்' (1983) ஆவணப்படத்தில் இந்த இரவைப் பார்க்கலாம்.

பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு விஷயம்: தரைத்தளத்தில் இருந்த கலைப் பட்டறையும் வாடகைக்குத்தான் இருந்தது. சட்டங்களையும் மையையும் தூக்கிக்கொண்டு அதுவும் இடம் தேடிப் போக வேண்டி வந்தது. யாருக்காகப் போஸ்டர் அடித்தார்களோ அவர்கள் நிலைமைதான் இவர்களுக்கும்.

அப்படியானால் போஸ்டரால் என்ன ஆச்சு? கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. இதை மழுப்பக் கூடாது. 1979-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். அதே வருஷம் சான்பிரான்சிஸ்கோவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதற்கு ஊர் முழுக்க ஏறிய வாடகையும் பல வாடகைதாரர் அமைப்புகளும் காரணம், ஐ-ஹோட்டலின் கணக்கில் முழுசாக எழுத முடியாது. ஆனால் அந்த மனை? நகரத்தின் விலையுயர்ந்த மூலைகளில் ஒன்று, வருஷக்கணக்கில் வெறும் பள்ளமாகக் கிடந்தது. அங்கே என்ன கட்டுவதென்றாலும் 'முன்னாடி இருந்தவர்களுக்கு என்ன பதில்' என்ற கேள்வி குறுக்கே நின்றது. வெளியேற்றப்பட்டவர்களின் பெயரும் முகமும் ஊருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு காலம் சாகாமல் இருந்தது என்பது என் கணிப்பு. கடைசியில் 2005-ல் குறைந்த வருமான முதியோருக்கான நூற்றுச் சொச்சம் வீடுகளோடு புதிய ஐ-ஹோட்டல் திறந்தது. 28 வருஷம். அதற்குள் பழைய குடியிருப்பாளர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நான் அங்கே இருந்த 2013-ல் இதே நாடகம் மிஷன் வட்டாரத்தில் நடந்துகொண்டிருந்தது. இந்த முறை வாடகையை ஏற்றியது எங்கள் துறை. ஊழியர்களை ஏற்றிப்போகிற பெரிய கம்பெனி பஸ்களை டிசம்பரில் மறித்தார்கள். ஆபீசில் அதை டிராஃபிக் பிரச்சினை மாதிரிதான் பேசிக்கொண்டோம். எல்லிஸ் சட்டம் என்று 1985-லிருந்து ஒன்று உண்டு. வாடகைத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று உரிமையாளர் சொன்னால் எல்லோரையும் காலிசெய்ய வைக்கலாம். அப்படி வெளியேற்றப்பட்ட முகவரிகளை நகரத்தின் பொதுத் தரவிலிருந்தே எடுத்து வரைபடமாக்க, 'ஆன்டி-எவிக்ஷன் மேப்பிங் புராஜெக்ட்' என்று ஒரு தன்னார்வக் குழு அந்த வருஷம் கிளம்பியது. அதாவது, விட்டுப்போன அந்த வரிசைகளை இப்போது நிஜமாகவே டேட்டாபேஸில் ஏற்றினார்கள். பிறகு கிளாரியன் சந்துச் சுவரில் வெளியேற்றப்பட்டவர்களின் முகங்களை வரைந்து, பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதினார்கள். அந்த எண்ணைக் கூப்பிட்டால் அவர்கள் கதை அவர்கள் குரலிலேயே கேட்கும். அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன். சுவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.