சீருடை வந்த வழி

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதனைச் சொல்லிவைத்த பெரியோர் ஒரே கந்தை உடையவனை மனத்திற்கொண்டே சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் ஆனி, ஆடி மாதங்களில் பம்பாயில் பெய்யும் மழையைக் கண்டவர் அல்லர். கசக்கிய துணி உலராவிடின் எதைக் கட்டுவது என்னும் வினாவிற்கு அப்பழமொழியில் விடை இல்லை.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளி திறக்குங்கால் நம் காலனியில் ஒரு வழக்கு எழும். பள்ளிப் பிள்ளைகள் சீருடை அணிந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது முறையா என்பதே அவ்வழக்கு. ஒழுங்கும் ஒற்றுமையும் வளரும் என்பார் ஒரு சாரார். வீட்டு வாடகைக்கே வழி காணாதவன் தலையில் இச்சுமையும் வேறா என்பார் மறு சாரார். சங்கக் கூடத்தில் இரவு பத்து மணிவரை நடந்த இவ்வாதத்தைக் கேட்டிருந்தபின், சீருடையின் வரலாற்றை ஒருவாறு தொகுத்து ஆண்டு மலருக்குத் தருமாறு நண்பர்கள் என்னைப் பணித்தனர். யான் மெட்ரிக் வரை படித்து, ரயில்வேயில் எழுத்தர் பணி புரிபவன். கற்றறிந்தோர் பிழை பொறுப்பார்களாக.

முதற்கண் ஒன்றை நினைவூட்ட வேண்டும். நம் நாட்டில் ஆடை என்பது மானத்தை மறைக்கும் துணியாக மட்டும் இருந்ததில்லை. இன்னார் இன்ன குலத்தார் என்று தெருக்கோடியிலேயே அறிவிக்கும் பலகையாகவும் அஃது இருந்தது. தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கே ஒரு தலைமுறைக்கு மேலாகப் போராட வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மன்னர் பிறப்பித்த ஆணை அவ்வுரிமையை அளித்தது. ஆனால் மேற்குலப் பெண்டிரைப் போல் அணியலாகாது என்னும் நிபந்தனையும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

இஃது ஏதோ பழங்கதை என்று எண்ணற்க. 1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்க வகுப்பார் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் தலைவராயிருந்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆடவர் முழங்காலுக்குக் கீழ் வேட்டி கட்டலாகாது, சட்டையோ பனியனோ போடலாகாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கலாகாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. மறு ஆண்டில் தடைகள் பதினொன்றாயின. ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. சட்டையையும் சிலேட்டையும் ஒரே கை தடுத்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தாராவியில் இன்று வாழும் நம் குடும்பங்களுள் பல, தென் மாவட்டங்களிலிருந்து இத்தகைய ஊர்களைவிட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களே.

இப் பின்னணியில் பார்த்தால்தான், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டை என்னும் எண்ணம் எத்துணைப் பெரிய புரட்சி என்பது விளங்கும்.

பள்ளிச் சீருடை என்பது வெள்ளையர் வழக்கம். அதன் பிறப்போ சீமான் வீட்டில் நிகழ்ந்ததன்று. இலண்டன் மாநகரில் 1552ஆம் ஆண்டு ஏழைப் பிள்ளைகளுக்காக ‘கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்’ என்னும் பள்ளி நிறுவப்பட்டது. பெயரில் ஹாஸ்பிடல் இருப்பினும் அது மருத்துவமனை அன்று. அங்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நீண்ட நீல அங்கி கொடுக்கப்பட்டது. அறத்தின் அடையாளமாகத் தொடங்கிய சீருடை, பிற்காலத்தில் செல்வர் பள்ளிகளின் பெருமைச் சின்னமாக மாறி, அக்கோலத்திலேயே நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்தது.

தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளைக்குச் சீருடை வந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்வது என் கடமை. பெருந்தலைவர் காமராசர் 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை மாநில முதலமைச்சரானார். 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. அந்நாளில் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1958 தொடங்கி இவ்விருவரும் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை எம் தந்தையார் தலைமுறையினர் மறந்திரார். அரசாங்கத்தின் கையை மட்டுமே பார்த்திராமல், ஊரார் கூடித் தம் பள்ளிக்குத் தாமே பலகையும் நாற்காலியும் மணியும் கடிகாரமும் அளித்த காலம் அது. அந்நன்கொடைகளோடு நன்கொடையாய்ச் சீருடைத் துணியும் வந்தது. உணவு வயிற்றின் பசியைத் தீர்த்தது. ஆயினும் கிழிந்த சட்டையோடு பந்தியில் அமரும் பிள்ளைக்கு உடன்வந்த கூச்சம் சோற்றால் தீர்வதன்று. அதற்குத் துணி வேண்டியிருந்தது.

பின்னர் எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1985–86ஆம் கல்வியாண்டு முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாச் சீருடை வழங்கலாயிற்று. 2012–13 முதல் ஆண்டுக்கு நான்கு இணைகள் கொடுக்கப்பட்டன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்ய, மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. நான்கு என்னும் அவ்வெண்ணை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது சற்றுப் பொறுத்தால் விளங்கும்.

இனி நம் பம்பாய்க்கு வருவோம். மாடுங்காவில் குடியேறிய தென்னிந்தியர் தம் பிள்ளைகளுக்காக 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை நிறுவினர். வடாலாவில் 1934இல் தென்னிந்திய நலச் சங்கம் தோன்றிற்று. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வணிக நிலையங்களிலும் கணக்கெழுதிய குடும்பங்களுக்கு அவை கலங்கரை விளக்கங்களாயின. தாராவிப் பிள்ளைகளுள் மிகப் பலர்க்கு வாய்த்தவை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள்.

நான் தாராவியில் ஒரு சாலில் வளர்ந்தவன். நான் படித்த பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. அங்குச் சீருடை கட்டாயம். அதனைக் கொடுப்பாரோ இல்லை. எனக்கு இருந்தது ஓர் இணை, வெள்ளைச் சட்டையும் காக்கிக் காற்சட்டையும். ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் ஒரு ஜூலை மாதம் மூன்று நாள் இடைவிடாது மழை கொட்டிற்று. ஈரச் சட்டையை என் தாயார் கொடியில் போட்டு, நள்ளிரவில் எழுந்து, மண்ணெண்ணெய் அடுப்பில் செம்பைச் சுடவைத்து அதன் அடியால் தேய்த்து உலர்த்த முயன்றார். சட்டை உலரவில்லை, தோளில் சிறிது தீய்ந்ததுதான் மிச்சம். மறுநாள் நீலச் சட்டையுடன் சென்ற என்னை வகுப்பிற்கு வெளியே நிற்கவைத்தார்கள். அன்று கணக்குப் பாடத்தில் பின்னம் தொடங்கினார்கள். சன்னலுக்கு வெளியே நின்று கேட்டதால், பின்னம் இன்றும் எனக்குச் சற்றுத் தடுமாற்றமே. என் தாயார் எவரையும் குறை கூறவில்லை. அவ்வாண்டுத் தீபாவளிக்கு எனக்குக் கிடைத்த புத்தாடை ஒரு வெள்ளைச் சட்டையும் காக்கிக் காற்சட்டையுமே. நிற்க.

இப்பொழுது நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. மும்பை மாநகராட்சி தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு 27 வகைப் பொருள்களை விலையின்றி வழங்கும் திட்டத்தை ஏற்படுத்தியது. சீருடையோடு காலணியும் புத்தகப்பையும் அவற்றுள் அடங்கும். இராமநாதபுரத்தார் தடுத்த செருப்பு, பெயரளவில் தானமாக அன்றி உரிமையாகவே வந்து சேர்ந்தது.

மகாராட்டிர அரசின் கதை சிறிது சிக்கலானது. மத்திய அரசின் கல்வித் திட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு இரண்டு சீருடைகளுக்காக ஒரு பிள்ளைக்கு 600 ரூபாய். பெண் குழந்தைகள் அனைவருக்கும் உண்டு. சிறுவர்களுள் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு மட்டுமே உண்டு. ஏனைய சிறுவர்க்கு இல்லை. வறுமையை மறைக்க வந்த சட்டையை வறுமைப் பட்டியலைப் பார்த்து வழங்கினால், வாங்குபவன் யார் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடுமன்றோ! 2023இல் மாநில அரசு தன் பொருளைச் சேர்த்து இவ்வேற்றுமையை நீக்கியது, போற்றத்தக்கது. ஆனால் அதனோடு ‘ஒரே மாநிலம், ஒரே சீருடை’ என்னும் திட்டமும் புகுந்தது. 2024–25இல் துணியை மொத்தமாக வாங்கி, மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கொண்டு தைத்து மாநிலமெங்கும் அனுப்ப முற்பட்டனர். ஜூன் கழிந்தது, சுதந்திர தினமும் கழிந்தது. பல பள்ளிகளில் துணி வந்து சேரவில்லை. வந்தவற்றுள் சில அளவு பொருந்தவில்லை. 2024 டிசம்பரில் அரசு தன் முடிவை மாற்றி, சீருடை வாங்கும் பொறுப்பைப் பள்ளி நிர்வாகக் குழுக்களிடமே திருப்பி அளித்தது. உள்ளூர்த் தையற்காரனுக்குத் தெரியும் எந்தப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பது.

சீருடை கொடுத்துவிட்டால் சாதி மறைந்துவிடுமா எனின், மறையாது. நம்மவர் பலரின் பூர்வீகமான நெல்லைச் சீமையில், நாங்குநேரியில், 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில், ஒரே நிறச் சட்டையில் பயின்றவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் அளித்த அறிக்கையில், மாணவர் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. சட்டை சொல்லாததைக் கயிறு சொல்லத் தொடங்கியிருந்தது போலும்.

அதே 2024ஆம் ஆண்டில் நம் செம்பூரிலேயே மற்றொரு வழக்கு எழுந்தது. ஆச்சார்யா–மராட்டே கல்லூரி, மாணவியர் ஹிஜாப், புர்கா முதலியவற்றையும், தொப்பி, சின்னம் முதலியவற்றையும் அணிந்து வருதல் கூடாது என்று உடை விதி வகுத்தது. ஒன்பது மாணவியர் உயர்நீதிமன்றம் சென்றனர். ஜூன் 26ஆம் நாள் அவர்கள் மனு தள்ளுபடியாயிற்று. உச்சநீதிமன்றமோ ஆகஸ்டு 9ஆம் நாள், ஹிஜாப், தொப்பி, சின்னம் ஆகியவற்றைத் தடுத்த பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. வகுப்பறையில் புர்காவை மட்டும் அனுமதிக்கவில்லை. பெயரைக் கேட்டாலே மதம் தெரிந்துவிடாதா என்று நீதிபதிகள் வினவியதாகப் பத்திரிகைகள் எழுதின.

மத வாதத்தில் நுழைய எனக்குத் தகுதியுமில்லை, விருப்பமுமில்லை. ஆனால் கயிற்றையும் முக்காட்டையும் ஒரே தராசில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை. நாங்குநேரியில் கயிறு அடுத்தவனை விரட்டக் கட்டப்பட்டது. செம்பூர்ப் பெண்கள் கேட்டது உள்ளே வந்து படிக்க இடம். வாயிலில் நிற்கும் பிள்ளையைக் கண்டால் எனக்கு அந்த நீலச் சட்டை நினைவுக்கு வருகிறது. என் தீர்ப்பில் பட்சபாதம் இருப்பின் காரணம் அதுவே.

எங்கள் ரயில்வேயில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. எவரைச் சீருடை அணியச் சொல்கிறதோ, அவருக்கு அதற்கான செலவையும் நிர்வாகமே ஏற்கிறது. முன்னர்த் துணியும் தையற்கூலியும் கொடுத்தார்கள். 2017 ஜூலை முதல் உடைப்படி என்று நிலைய அதிபருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், தண்டவாளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாயும் வகுத்தார்கள். சம்பளம் வாங்கும் எங்களுக்கே இப்படியென்றால், பிள்ளையைச் சீருடையில் வரச்சொல்லும் பள்ளி, அதனைக் குறித்த ஒரே கடையில் சொன்ன விலைக்கு வாங்கிவா என்பது எந்த நியாயம்? ஆகவே, கட்டாயம் வேண்டும் என்னும் அன்பர்களுக்கு நான் மறுப்புச் சொல்லேன். ஒன்றல்ல, மழைக்கு மாற்றும் சேர்த்து இரண்டாகக் கொடுத்துவிட்டுக் கட்டாயப்படுத்தட்டும் என்பேன்.

நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். காலனியில் எத்தனை பிள்ளைகளிடம் ஒரே இணைச் சீருடை உள்ளது என்பதைச் செயற்குழுவினர் மே மாதத்திலேயே வீடு வீடாகச் சென்று அறிந்துவந்தால், மழைக்குள் மற்றோர் இணை தைத்துக் கொடுத்துவிடலாம். கேட்குங்கால் பிள்ளையைக் கேட்க வேண்டா, தாயைக் கேளுங்கள். அந்நாளில் என்னை எவரேனும் கேட்டிருந்தால், இரண்டு இருக்கிறது என்றே சொல்லியிருப்பேன்.