விழுப்புரம் ஷெட்டின் காகிதங்கள்

எங்கள் ஊரான கீழ்புத்துப்பட்டுக்கு ரயில் வந்ததில்லை. மரக்காணத்து உப்பு ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் தோணியேறிப் பட்டணம் போனது. இப்போது லாரியில் போகிறது. நீராவி என்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கரைக்காரர்கள் மேற்கே திண்டிவனத்துக்கோ தெற்கே புதுச்சேரிக்கோ போக வேண்டியிருந்தது. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2004-ல் அகலப்பாதை ஆகும்வரை அது மீட்டர் கேஜ்தான்.

அந்தப் பாதையின் நினைவாக ஒரு மாதிரி என்ஜின் செய்ய நினைத்தேன். எதைச் செய்வது என்பதில் குழப்பமில்லை: விழுப்புரம் ஷெட்டில் புகைவிட்டு நின்ற ஒய்.பி. ரகம். 1949 முதல் 1970 வரை இந்த ரகத்தில் 871 என்ஜின்கள் வந்தன. செய்தவர்கள் அமெரிக்காவின் பால்ட்வின், கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராஸ்-மாஃபை, பிறகு நம்முடைய டெல்கோ. அளவும் தோதாக அமைந்தது. கடையில் கிடைக்கும் 45 மி.மீ. தண்டவாளத்தில் 22.5-ல் ஒரு பங்காகச் செய்தால், மீட்டர் கேஜ் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். பிசகு அரை மி.மீ.தான். எங்கள் ஊர் அய்யனார் கோயில் குதிரைகளை வடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குதிரை எவ்வளவு பெரிதாக நின்றாலும் யாரும் டேப் பிடித்துப் பார்க்கப்போவதில்லை.

குறிப்பேட்டின்படி ஓட்டுசக்கரத்தின் விட்டம் 1,372 மி.மீ. மாதிரியில் 61. ஆனால் மேடையேற்றி வைத்திருக்கும் பழைய என்ஜினில் டேப் வைத்தால் அளவு குறைந்து வருகிறது. முதலில் குறிப்பேட்டைத்தான் சந்தேகிக்கத் தோன்றும். குற்றவாளி லேத்து. தேய்ந்த இரும்புப் பட்டையைக் கடைந்து கடைந்தே பல வருஷம் ஓட்டியிருப்பார்கள். குறிப்பேட்டில் எழுதியிருப்பது புதுச் சக்கரத்தின் அளவு. இணைப்பு ராடுகளில் குத்தியிருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். கேபினில் ஒரு எண், ராடில் வேறு எண் என்றால், அது இன்னொரு என்ஜினிலிருந்து கழற்றி மாட்டியது. நிற்கிற என்ஜின் சாட்சிதான்; ஆனால் முழுசாக நம்பக்கூடிய சாட்சி அல்ல.

அப்படியானால் வரைபடம் வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. நீலப்படி எடுக்கும் தாளைத் தண்ணீரில் அலசிக் காயவைப்பார்கள். காய்ந்தால் தாள் சுருங்கும். அதன்மேல் ஸ்கேல் வைத்து அளந்தால் மோசம் போவோம். எழுதியிருக்கும் எண்ணை மட்டுமே நம்பலாம்.

ஒய்.பி.யின் காகிதங்கள் அதைச் செய்த கம்பெனிகளைப் போலவே நாலா பக்கமும் சிதறின. நார்த் பிரிட்டிஷ் 1962-லேயே மூடிவிட்டது. ஆனால் இதே மீட்டர் கேஜில் ஓடும் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் ரகத்துக்கு அந்தக் கதி வரவில்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த அந்தப் பல்சக்கர என்ஜினை, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகவே கட்டியது: முதலில் எண்ணெயில் ஓடுவது, 2021-ல் நிலக்கரியில் ஓடுவது. கட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு உறுப்பின் அளவும் கையில் இருக்க வேண்டும். என் முடிவு இதுதான்: வரைபடத்தைக் காப்பாற்றுவது பீரோ அல்ல, வேலை. ஒய்.பி.க்கு அந்த வேலை 1970-உடன் நின்றுபோனது.

இனி மிச்சமிருப்பது வீடுகளில்தான். விழுப்புரம், திண்டிவனம், பொன்மலைப் பக்கத்தில் தாத்தாவோ அப்பாவோ ஷெட்டில் ஃபிட்டராகவோ பாய்லர்மேனாகவோ இருந்த வீடு உங்களுடையது என்றால், பரணில் இருக்கும் கட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் பிரித்துப் பாருங்கள். கையெழுத்து நோட்டு, எண்ணெய்க்கறை படிந்த நீலத்தாள், எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். எடுக்கும்போது தாளின் ஓரத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து எடுங்கள்; எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் தாள் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும்.