ஒழுக்கக் கணக்கின் வரலாறு

மனிதன் தன் பொருளுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்ட காலம் மிகத் தொன்மையானது. தன் நடத்தைக்கே கணக்கு வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு உதித்தது அதற்கு வெகுகாலம் பிந்தியே ஆயினும், அந்த வழக்கத்துக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத சரித்திரம் உண்டு. ஒரே இரவில் உள்ளம் மாறி, மறுநாள் காலையில் வேறு மனிதராக எழுந்த மகான்களின் சரிதங்களை நாம் ஆவலோடு கேட்கிறோம். அவற்றின் மகிமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும், அத்தகைய பாக்கியம் வாய்க்காதவர்கள் இரவுதோறும் தம்மைத் தாமே விசாரித்து, நேற்றைக்கு இன்று ஒரு புள்ளியேனும் குறைந்ததா என்று பார்த்துப் பார்த்துத் தம் சுபாவத்தை அணுவணுவாகத் திருத்த முயன்ற கதை எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுகிறது. அதனையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

பைதாகரஸின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்கச் செய்யுட் கோவை ஒன்று, பகலில் செய்தவற்றை மும்முறை எண்ணிப் பாராமல் கண்ணயரலாகாது என்று விதிக்கிறது. சமண சமயத்தில் பிரதிக்கிரமணம் என்னும் ஆத்ம விசாரணை காலையும் மாலையும் செய்யத்தக்க நித்திய அனுஷ்டானமாக அமைந்தது. பட்சத்துக்கு ஒரு முறையும், நான்கு மாதத்துக்கு ஒரு முறையும், வருஷத்துக்கு ஒரு முறையும் அது விரிவாகச் செய்யப்பெறும். ரோமாபுரியிலோ, நீரோ சக்கரவர்த்திக்கு ஆசானாக இருந்த ஸெனெகா, கோபத்தைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில், ஸெக்ஸ்டியஸ் என்னும் தத்துவ ஞானியிடமிருந்து தாம் கைக்கொண்ட பழக்கத்தைச் சொல்லுகிறார். விளக்கை எடுத்துச் சென்றபின், கணவரின் வழக்கம் அறிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்ள, அவர் அன்றைய நாள் முழுவதையும் தம் முன் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றையும் மறைக்காமல் பரிசீலிப்பாராம். அவர் அங்கே எடுத்துக்காட்டும் பிழைகள் பெரும் பாதகங்கள் அல்ல. அறிவிலிகளோடு அளவுக்கு மிஞ்சி வாதாடியதும், ஒருவருக்குப் புத்தி சொல்லப் போய் அவர் மனத்தைப் புண்படுத்தியதுமே. இனி அவ்வாறு செய்யாதே, இம்முறை பொறுத்தேன் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அவர் உறங்கப் போகிறார். தன்னைக் கண்டிப்பதிலும் இவ்வளவு சாந்தம் இருக்கக்கூடும் என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அந்தச் சிறு பகுதிதான்.

மேற்கூறியவர்கள் யாவரும் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தனர். அதைக் காகிதத்தில் ஏற்றிய பெருமை சீன தேசத்துக்கு உரியது. புண்ணிய பாவங்களுக்கு இத்தனை இத்தனை என்று மதிப்பிட்டு நாள்தோறும் பதியும் ஏடு ஒன்று 1171ஆம் ஆண்டிலேயே தாவோ மதத்தினரிடையே தோன்றிவிட்டது. ஆனால் அந்த வழக்கத்தை வீடுதோறும் பரப்பிய கதை யுவான் ஹுவாங் என்பவருடையது. 1533இல் பிறந்த இவருக்கு, இளமையில் ஒரு சோதிடர், புத்திரப்பேறு இல்லை, ஆயுளும் 53 வயதோடு முடியும் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட, சொன்னவற்றுள் பல பலிக்கக் கண்ட அவர், விதியை மாற்ற ஒண்ணாது என்று செயலற்றிருந்தார். 1569இல் யுன்கு என்ற பௌத்தத் துறவி அவருக்கு ஒரு கணக்கேட்டைக் கொடுத்து, உன் குணத்தை நீ மாற்றினால் உன் விதியும் மாறும் என்று உபதேசித்தார். மூவாயிரம் நற்செயல்கள் செய்வதாக அவர் சங்கற்பம் செய்துகொண்டார். அவை நிறைவேறப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. அவருடைய மனைவிக்கு எழுதத் தெரியாது. ஆகையால் அந்த அம்மையார் நற்செயல் ஒன்று செய்யும்போதெல்லாம், வாத்திறகின் குழலைச் சிவப்பு மையில் தோய்த்துப் பஞ்சாங்கத்தில் ஒரு வட்டம் பதித்து வந்தாராம். பின்னர் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். யுவான் ஹுவாங்கும் 1586இல் மிக உயர்ந்த பரீட்சையில் தேறி உத்தியோகம் பெற்று, குறிக்கப்பட்ட வயதைக் கடந்து, 69 வயதில் இவற்றையெல்லாம் தம் மகனுக்கு உபதேசமாக எழுதி வைத்தார்.

இக்கதை உள்ளத்தைத் தொடுவதே. என்றாலும், நற்செயலைத் தொகையிட்டு அதற்கு ஈடாகப் பதவியும் புத்திரபாக்கியமும் எதிர்பார்ப்பது தெய்வத்தோடு செய்யும் பேரம் ஆகாதா என்ற கேள்வி சீனத்திலேயே எழுந்தது. கன்பூஷிய அறிஞர் லியூ சோங்சோ 1634இல் எழுதிய நூலில் நன்மைகளுக்குப் பத்தியே இல்லை. பிழைகளே வகுத்துக் காட்டப்பட்டன. செய்த நன்மையை எண்ணத் தொடங்கியவன் இலாபத்தை எண்ணத் தொடங்கிவிடுகிறான் என்பது அவர் கருத்து. அக்கருத்தே சரி என்று நானும் எண்ணுகிறேன். நம் நன்மைகள் நமக்கு எப்போதும் நினைவிலிருப்பவை. எழுதி வைத்தாலன்றி மறந்து போவன பிழைகளே.

ஏறக்குறைய இதே முடிவுக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஐரோப்பாவில் ஒரு போர்வீரர் வந்திருந்தார். 1521இல் பாம்பலோனாக் கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டினால் கால் சிதைந்து, லொயோலாவிலுள்ள தம் வீட்டில் மாதக்கணக்கில் படுக்கையிற் கிடந்த இஞ்ஞாசியார், வீரசாகசக் கதைகள் கிடைக்காமையால் கிறிஸ்துவின் சரித்திரத்தையும் அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரங்களையும் வாசித்துக் காலம் போக்கினார். அப்போது அவர் தம் உள்ளத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டார்: போரிலும் காதலிலும் புகழ்பெறுவதாகக் கற்பனை செய்த பகற்கனவுகள் அந்நேரத்துக்கு இனித்துப் பின்பு வறட்சியை விட்டுச் சென்றன, அர்ச்சியசிஷ்டர்களைப்போல் வாழ்வதாகக் கண்ட கனவுகளோ முடிந்த பின்னும் மகிழ்ச்சியை நிலைக்கச் செய்தன. அவருடைய ஞான வாழ்வு தொடங்கியது இந்தச் சிறு கவனிப்பிலிருந்தே. 1548இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரின் அங்கீகாரத்தோடு அச்சேறிய அவருடைய ஞானப் பயிற்சி நூலில், ஒரே ஒரு குற்றத்தை மட்டும் தேர்ந்துகொண்டு அதனை ஒழிக்கும் முறை ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. காலையில் எழுந்தவுடன் சங்கற்பம். நடுப்பகல் உணவுக்குப் பின் ஒரு விசாரணை. இரா உணவுக்குப் பின் மற்றொன்று. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள். அக்குற்றத்தில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. விழுந்த அக்கணமே, அருகிலிருப்பவர் அறியாதபடி, மார்பில் கைவைத்து வருந்தவேண்டும். முதற் கோட்டோடு இரண்டாம் கோட்டையும், நேற்றோடு இன்றையும், சென்ற வாரத்தோடு இவ்வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பிறரோடு ஒப்பிடுதல் என்ற பேச்சே அங்கில்லை.

அவர் தாபித்த சேசு சபை இம்முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே உழைத்த அன்றீக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தைத் தமிழெழுத்தில் அச்சிட்ட இரண்டே ஆண்டுகளில், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் நூலைக் கொச்சியில் பதிப்பித்தார். அச்சு என்னும் புதிய கருவி தமிழுக்கு வந்த முதற் சில ஆண்டுகளிலேயே, மனிதன் தன் குற்றங்களைத் தேடி எடுப்பதற்குத் துணைசெய்யும் நூல் ஒன்று நம் மொழியில் அச்சேறிற்று என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும்.

மதத்தின் எல்லைக்குள் இருந்த இவ்வழக்கத்தை அச்சுக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் உரியதாக்கியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். மெழுகுதிரி காய்ச்சும் தொழிலாளியின் மகனாக 1706இல் பாஸ்டனில் பிறந்து, பிலடெல்பியாவில் அச்சுத்தொழில் நடத்திய அவர், வாலிபப் பருவத்தில் பூரண ஒழுக்கத்தை அடைந்தே தீர்வது என்று முனைந்தார். பல்லாண்டுகள் கழித்து, 1784இல், பிரான்சில் பாஸி என்ற ஊரில் தங்கியிருந்தபோது, அம்முயற்சியை ஒளிவுமறைவின்றி எழுதினார். மிதவுணவு, மௌனம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நடுநிலை, சுத்தம், மன அமைதி, கற்பு என்று அவர் முதலில் வகுத்தவை பன்னிரண்டு குணங்கள். நீர் கர்வி என்று ஊரார் எண்ணுகிறார்கள் என, குவேக்கர் மதத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் பல சம்பவங்களை எடுத்துக்காட்டிச் சொல்லவே, பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. பிறர் சொல்லித் தன் குறையைத் தெரிந்துகொள்ளுதலும் தன்னை அறிதலின் ஒரு பகுதியே. எத்தனை கூர்மையாக உள்நோக்கினாலும் நமக்குத் தென்படாத ஒரு மூலை எப்போதும் இருந்துகொண்டிருக்கிறது.

குணத்துக்கு ஒரு பக்கமாக ஒரு சிறு புத்தகத்தைக் கட்டி, சிவப்பு மையால் நெடுக்கே ஏழு நாட்களுக்கும் குறுக்கே பதின்மூன்று குணங்களுக்கும் கோடிட்டு, தவறு நேர்ந்த கட்டத்தில் கரும்புள்ளி இட்டுவந்தார் பிராங்க்ளின். எல்லாக் குணங்களையும் ஒருங்கே பற்ற முயன்றால் ஒன்றும் நிலைக்காது என்று கண்டு, வாரத்துக்கு ஒரு குணமாக, ஒரு பாத்தியைக் களையெடுத்து முடித்த பின்பே அடுத்த பாத்திக்குப் போகும் தோட்டக்காரனைப்போல் செய்யத் தீர்மானித்தார். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிடவே, தந்தத் தகடுகளில் கோடுகளை நிலையாக வரைந்து, காரீயப் பென்சிலால் புள்ளியிட்டு, ஈரப்பஞ்சினால் துடைத்துக்கொள்ளலானார். தாம் எண்ணியிருந்ததைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு குற்றங்கள் தம்மிடம் நிறைந்திருக்கக் கண்டு வியந்ததாக அவரே எழுதுகிறார். என் மதிப்பில் அந்தப் புத்தகம் ஈட்டித் தந்த முதற் செல்வம் அந்த வியப்புத்தான்.

ஒழுங்கு என்ற குணம் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. கர்வமும் அடங்கவில்லை, அதை வென்றுவிட்டதாக நினைத்தால் தம் பணிவைப் பற்றியே கர்வம் வந்துவிடும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒரு சிறிய மாற்றம் மட்டும் நிலைத்தது: நிச்சயமாக, சந்தேகமின்றி என்பன போன்ற சொற்களை விலக்கி, எனக்கு இவ்வாறு தோன்றுகிறது என்று பேசப் பழகினார். அகம் மாறிற்றோ இல்லையோ, நாக்கு மாறியது. தம் பேச்சுக்குச் சபைகளில் மதிப்புக் கிடைத்ததற்கு இப்பழக்கமே பெருங்காரணம் என்று அவர் கருதினார். சுற்றுகள் நாளடைவில் ஆண்டுக்கு ஒன்றாகி, பிறகு பல ஆண்டுகளுக்கு ஒன்றாகி, இறுதியில் நின்றுபோயின. ஆயினும் புத்தகத்தை அவர் எப்போதும் உடன் வைத்திருந்தார்.

இவ்வளவு போற்றியபின், சொல்லாமல் விடத்தகாத செய்தி ஒன்று உண்டு. நீதி என்ற வரி அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதே காலத்தில் அவர் நடத்திய ‘பென்சில்வேனியா கெஜட்’ பத்திரிகையில் அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் வெளிவந்தன. அவருடைய வீட்டிலும் பல ஆண்டுகள் அடிமைகள் ஊழியம் செய்தார்கள். உணவில் அளவு மீறியதற்கும் வீண்பேச்சுக்கும் புள்ளி வைக்கத் திட்டமிட்ட கண், மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதை வெகுகாலம் குற்றமாகவே காணவில்லை. தனிமனிதன் தன் மனச்சாட்சியால் மட்டும் வரையும் கட்டங்களில், அவன் காலமும் அவன் வகுப்பும் பிழையென்று கொள்ளாதவை இடம்பெறுவதில்லை. இவ்வழக்கத்தின் மெய்யான குறைபாடு அதுவே என்று கருதுகிறேன். ஆனால் பிராங்க்ளின் அங்கேயே நின்றுவிடவில்லை. முதுமையில் அவர் கருத்து மாறியது. 1787இல் பென்சில்வேனியா அடிமையொழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஏப்ரலில் அவர் காலமானார்.

அவருடைய புத்தகத்தின் முறை ருஷ்யாவையும் எட்டியது. டால்ஸ்டாய் 1847 மார்ச்சில், 18 வயதில், கஸான் சர்வகலாசாலை வைத்தியசாலையிற் படுத்திருந்தபோது நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1851இல் பிராங்க்ளின் முறையைப் பின்பற்றித் தம் பலவீனங்களைத் தனியே குறித்துவந்தார். சோம்பல், பயம், டம்பம் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. விதிகள் எழுதுவதும் அவற்றை மீறுவதும் மாறிமாறி நிகழ்கின்றன. ஒழுக்கத் திருத்தம் என்ற அளவில் அதை வெற்றி என்று சொல்லமுடியாது. ஆயினும், ஒரு பொய் எந்த அற்ப ஆசையிலிருந்து பிறக்கிறது, ஒரு கோபம் எந்த வெட்கத்தை மறைக்கிறது என்று தம் உள்ளத்தையே நாள்தோறும் துருவிப் பழகிய அந்த வாலிபர்தாம், 1852இல் ‘குழந்தைப் பருவம்’ என்ற நூலோடு இலக்கிய உலகில் பிரவேசித்தார். மனித மனத்தின் சலனங்களை அவரைப்போல் அறிந்தெழுதியவர் அரியர். அந்த அறிவுக்கு அவர் முதலிற் பயின்றது தம் சொந்தக் குற்றப் பட்டியலில்.

டால்ஸ்டாயைக் குருவாகப் போற்றிய காந்தியடிகள், அவருடைய நூல்களைப் படிப்பதற்கு முன்பே, லண்டனில் சட்டம் பயின்ற 1888 முதல் 1891 வரையிலான காலத்தில் வேறொரு வாயிலால் இவ்வழக்கத்துக்கு வந்திருந்தார். அவர் எழுதியது காசுக் கணக்கு. பஸ் கட்டணம், தபால் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை உட்பட யாவற்றையும் பதிந்து, உறங்குமுன் இருப்பைச் சரிபார்ப்பார். அந்த எண்களிலிருந்தே தம் ஆடம்பரம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டு, ஒரு குடும்பத்தோடு தங்குவதை விட்டுத் தனியே எடுத்த அறைகளுக்கும், பின்பு ஒற்றை அறைக்கும் மாறினார். வண்டியை விட்டு நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டு, தினம் ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழலானார். இம்மாறுதல் தம் அகவாழ்வையும் புறவாழ்வையும் இசைவித்தது என்று சுயசரிதையில் குறிக்கிறார். அப்பழக்கம் அவரோடு தென்னாப்பிரிக்காவுக்கும் போயிற்று. நேட்டால் இந்தியர் காங்கிரஸை அவர் அமைத்தபோது, எத்தனை சிறிய தொகைக்கும் ரசீது கொடுக்காமல் விட்டதில்லை. முப்பது ஆண்டுகள் சென்றபின் சுயசரிதை எழுதுகையில், 1894ஆம் ஆண்டின் கணக்குப் புத்தகங்கள் அந்தக் காங்கிரஸின் தஸ்தாவேஜுகளில் இன்றும் சிதையாமல் இருக்கும் என்று அவரால் துணிந்து எழுத முடிந்தது.