சலக்கடுப்பும் பாதிக் குளிசையும்

யாழ்ப்பாணத்தில் சிறுநீரைச் 'சலம்' என்பார்கள். அது எரிந்து சொட்டுச் சொட்டாக இறங்கினால் சலக்கடுப்பு. வெயில் காயும் குடாநாட்டில் இந்தச் சொல்லை அறியாத வீடு இல்லை. பரராசசேகரம், செகராசசேகரம் என அரசர் பெயர் தாங்கிய வைத்திய நூல்கள் பிறந்த மண் இது. நெருஞ்சிமுள் குடிநீரும் இளநீரும் நெடுங்காலம் கைமருந்தாக இருந்தன. எரிவை அவை தணித்திருக்கும். கிருமி சிறுநீரகம்வரை ஏறி, குளிரும் காய்ச்சலும் கண்டுவிட்டால் அவற்றால் தாங்க முடியாது.

1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனிடமும் அதற்கு மருந்து இருக்கவில்லை. சலக்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலி என்ற கிருமியைத் தியோடர் எஷெரிக் இனங்கண்டதே 1885இல்தான். கிறீன் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். ஆனால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவர் செய்த வேலை மருந்தைவிடப் பெரியது. மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என நூல் நூலாக மொழிபெயர்த்தார். இல்லாத சொற்களை உருவாக்கினார். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் அறுபதுக்கு மேல். வைத்தியர் படிக்கும் மொழியும் நோயாளி பேசும் மொழியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்ரிபயோட்டிக் பிறகு வந்தது. நைட்ரோபுரான்டோயின் 1950களில், நலிடிக்சிக் அமிலம் 1960களில், சிப்ரோபுளொக்சசின் 1980களில். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் மருந்து விலையைக் குறைத்தது. ஏழை வீட்டுக்கும் குளிசை எட்டியது. அது பெரும் நன்மை.

கெட்டது பழக்கத்தால். மருத்துவரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் கடையில் நாலு குளிசை வாங்கி, எரிவு நின்றதும் மிச்சத்தை அலுமாரியில் வைப்பதும், அடுத்த முறை அதையே எடுப்பதும், அயலவருக்குக் கொடுப்பதும் நடக்கின்றன. குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் என்று பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945லேயே எச்சரித்தார். மெலிந்த கிருமி சாகும், தாங்கியது பெருகும். மருந்தை உடைக்கும் நொதியை ஆக்கும் மரபுக்கூறை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் செய்யும். அத்தகைய ஈ.கோலி இன்று இலங்கை மருத்துவமனைகளில் அரிதல்ல. வாயால் விழுங்கிய மருந்தில் மாறிய நோய்க்கு, வாட்டில் படுத்து நரம்பில் ஊசிமருந்து ஏற்றவேண்டி வருகிறது.

சலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு தாள் வரும். மருந்துப் பெயர்களுக்கு எதிரே பெரும்பாலும் 'எஸ்' அல்லது 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மடியும். 'ஆர்' என்றால் மடியாது. இந்த இரண்டு எழுத்தின் பொருளை நோயாளிக்குத் தமிழில் சொல்பவர் குறைவு. கிறீன் உழைத்த மண்ணில் இது பெரிய குறை.

சலம் கடுத்தால், முதல் குளிசையை விழுங்குமுன் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் சுத்தமான போத்தலில் சலத்தைக் கொடுங்கள். தாள் வந்ததும் எந்த மருந்துக்கு 'ஆர்' என்று கேளுங்கள். தமிழில் விளக்கும்வரை கேளுங்கள்.