தண்டலுக்கு மாற்று தேடியவர்கள்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஓரிரவுச் சந்தையாகிவிடுகிறது. பூவும் கற்பூரமும் சுண்டலும் விற்கும் எளியோரில் பலருக்கு முதல் என்பது கடன் பணமே. தண்டல்காரர் ஆயிரம் என எழுதி, நூற்றைம்பதை முன்னதாகவே பிடித்துக்கொள்வார். நாளுக்குப் பத்து வீதம் நூறு நாள் கட்டவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு நூறு விழுக்காட்டையும் தாண்டுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இல் சட்டம் வந்தது. ஆனால், விடியற்காலையில் பூ வாங்கச் சட்டமா பணம் தரும்?

இக்கேள்வி பழமையானது. 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் ஏழைகளுக்காகக் குறைந்த வட்டி அடகு நிலையம் ஒன்றை நிறுவினர். வட்டி என்றாலே பாவமன்றோ என்று மறையியலார் அரை நூற்றாண்டு வழக்காடினர். நிர்வாகச் செலவுக்காகப் பெறும் சிறு தொகை கந்துவட்டி ஆகாது என 1515இல் திருத்தந்தை பத்தாம் சிங்கராயரும் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கமும் தீர்ப்பளித்த பின்னரே அது ஓய்ந்தது. நல்லவேளை, அடகு வைக்க வந்தவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை!

நம் மண்ணில் பிரடெரிக் நிக்கல்சன் ஜெர்மானியக் கூட்டுறவு முறையை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திரூரிலும் காஞ்சிபுரத்திலும் சங்கங்கள் எழுந்தன. ஆயினும் இவ்வியக்கம் நிலமும் சொத்தும் உடையோர்க்கே பெரிதும் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. கூடைக்காரியிடம் ஈடு ஏது?

அவளுடைய அக்கம்பக்கத்தாரையே ஈடாகக் கண்டவர் ஜெயா அருணாசலம். அரசியல் பணியிலிருந்து விலகி, 1978இல் சென்னையில் சுமார் எண்ணூறு பெண்களுடன் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கினார். ஒரே தெருவைச் சேர்ந்த பத்து முதல் இருபது பெண்கள் ஒரு குழுவாயினர். ஒருத்தி தவறினால் மற்றவர் பொறுப்பு. வங்கிகள் நலிந்தோருக்கு நான்கு விழுக்காட்டு வட்டியில் தரும் கடன் அவர்களுக்குக் கிட்டியது. எனினும் வங்கியின் படிவங்களும் தாமதமும் நாள் வியாபாரத்திற்கு ஒத்துவரவில்லை. ஆகவே 1981இல் தங்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர்.

அம்மன்றம் ஆந்திரத்து நரசாபுரத்திலும் பணிபுரிந்தது. அங்கே பின்னல் சரிகை வேலையைக் கற்பித்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ மறைபரப்பாளர்கள். தொழில் வளர்ந்து கடல் கடந்தது. இலாபமோ இடைத்தரகரிடம் தங்கியது. தொழில் கற்பிப்பதோடு கடமை முடிந்ததென எண்ணும் நம் நிறுவனங்கள் இதைச் சற்று ஊன்றி நோக்குதல் நலம்.

குழுப் பொறுப்பு என்னும் கருவியும் இருமுனை வாளே. அதே முறையைக் கையாண்ட தனியார் சிறுகடன் நிறுவனங்களின் வசூல் கொடுமை பொறாமல் ஆந்திரத்தில் தற்கொலைகள் நிகழ, 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அந்நிறுவனங்களின் இலாபம் எங்கோ இருந்த முதலீட்டாளரைச் சேர்ந்தது. சென்னைச் சங்கத்திலோ கடன் வாங்கும் பூக்காரியே பங்குதாரர்.