குறைவிளைவும் கோட்டிசோனும்: சேதன இரசாயன வரலாற்றின் ஓர் அத்தியாயம்

சேதன இரசாயனத்தின் வரலாறு பெரும்பாலும் புதிய சேர்வைகளின் கண்டுபிடிப்பு வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு சேர்வையைத் தொகுக்க முடியுமா என்ற வினாவுக்கு அளிக்கப்பட்ட முக்கியத்துவம், அது எவ்வளவு கிடைக்கும் என்ற வினாவுக்கு அளிக்கப்படவில்லை. ஆயினும் ஒரு மருந்து ஆய்வுகூடத்தைக் கடந்து நோயாளரை அடையுமா என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது வினாவேயாகும். கோட்டிசோனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1948 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்குப் பிலிப் ஹெஞ்சும் அவருடைய சகாக்களும் இவ்வோமோனைச் செலுத்தினர். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால், வேண்டி நின்ற நோயாளர் அனைவருக்கும் கொடுப்பதற்குப் போதிய மருந்து இருக்கவில்லை.

இதற்கான காரணம் தொகுப்பு முறையிலேயே இருந்தது. மேர்க் நிறுவனத்தில் லூயிஸ் சாரெற் வகுத்த முறை, மாட்டுப் பித்தத்திலிருந்து பெறப்படும் டியொக்சிகோலிக்கமிலத்தில் தொடங்கி முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கொண்டிருந்தது. 12ஆம் காபனிலுள்ள ஒட்சிசனை 11ஆம் காபனுக்கு மாற்றுவதற்கே பல படிகள் தேவைப்பட்டன. பக்கத்தாக்கங்களாலும் தூய்தாக்கலாலும் ஒவ்வொரு படியிலும் ஏற்படும் இழப்பு, அடுத்த படியின் இழப்போடு பெருகிச் செல்வதாகும். ஒவ்வொரு படியும் 80 வீத விளைவைத் தந்தாலும், 30 படிகளின் முடிவில் எஞ்சுவது ஏறத்தாழ 0.12 வீதமே, 90 வீதமாயின் ஏறத்தாழ 4 வீதம். 1 கிலோகிராம் கோட்டிசோன் அசற்றேற்றைப் பெற ஏறத்தாழ 615 கிலோகிராம் பித்தவமிலம் செலவாயிற்று. 1949இல் 1 கிராமின் விலை 200 டொலராக இருந்தது.

எனவே, தனித்தனிப் படிகளைச் செம்மைப்படுத்துவதால் மட்டும் இச்சிக்கல் தீரக்கூடியதாக இருக்கவில்லை. படிகளின் தொகையே குறைய வேண்டியிருந்தது. 1940களின் தொடக்கத்தில் ரசல் மார்க்கர், நாமறிந்த இராசவள்ளியின் சாதியைச் சேர்ந்த மெக்சிக்கோக் காட்டுக் கிழங்கிலுள்ள டயோஸ்ஜெனினைச் சில படிகளில் புரொஜெஸ்தரோனாக மாற்றினார். 1944இல் மெக்சிக்கோ நகரில் சின்ரெக்ஸ் நிறுவனம் தோன்றியது. 1952இல் அப்ஜோன் நிறுவனத்தின் பீற்றர்சனும் மறேயும், பாணில் வளரும் பூஞ்சணத்தின் சாதியான றைசோப்பசைக் கொண்டு, புரொஜெஸ்தரோனின் 11ஆம் காபனில் ஒரே படியில் ஒட்சிசனை ஏற்றிய முறையை வெளியிட்டனர். கோட்டிசோனின் விலை கிராமுக்கு 6 டொலராக வீழ்ந்தது. 1980 அளவில் அது அரை டொலருக்கும் குறைந்தது.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். வெராகுரூஸ், ஒவாக்கா முதலிய பகுதிகளின் காடுகளில் கிழங்கை அகழ்ந்து சுமந்த வறிய விவசாயிகளுக்கு, இத்தொழிலின் இலாபத்தில் மிகச் சிறு பங்கே கிட்டியது. அந்நிலையை மாற்றும் நோக்குடன் மெக்சிக்கோ அரசு 1975இல் புரோக்கிவெமெக்ஸ் என்னும் அரச நிறுவனத்தை அமைத்தது. கிழங்கின் விலை உயரவே, பன்னாட்டு நிறுவனங்கள் சோயா முதலிய வேறு மூலப்பொருள்களை நாடின.

கோட்டிசோனின் விளைவை உயர்த்தியவை இரசாயனவியலாளரின் மதிநுட்பம், ஒரு பூஞ்சணத்தின் நொதியம், விவசாயிகளின் மலிவான உழைப்பு ஆகிய மூன்றுமாம். இவற்றுள் முதலிரண்டை மட்டும் பதிவு செய்யும் விஞ்ஞான வரலாறு முழுமையுடையதாகாது.